மணி என்னங்க ஆச்சு?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஏதாவது ஒரு சிற்றூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "இங்க நல்ல சாப்பாடு எங்கங்க கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்டவர் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்ப்பார். "இப்ப மணி என்னங்க ஆச்சு?" என்பார்.

வெளியூர்க்காரருக்கு எரிச்சல் வரும். அவர் கேட்டது இடம், இவர் கேட்பது நேரம். ஆனால் உள்ளூர்க்காரர் சரியாகத்தான் பேசுகிறார். பெரிய நகரத்தில் சாப்பாட்டுக்கு முகவரி இருக்கும். இந்தச் சீமையில் சாப்பாட்டுக்கு மணிதான் இருக்கும். ஒரே புளியமரத்தடியில் காலை ஆறு மணிக்கு இட்லிக்கடை, பதினோரு மணிக்குக் கம்மங்கூழ் வண்டி, மூன்று மணிக்கு ஒரு நாய், ஐந்து மணிக்குத் தட்டுவடை செட், எட்டு மணிக்கு முட்டைக்கடை. மரம் மட்டும் நிரந்தரம், அதுவும் நெடுஞ்சாலைத் துறை மனது வைக்கும்வரை.

ராசிபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்.கே. நாராயண் பெயரில் முதலில் நிற்கும் 'ஆர்' இந்த ஊர்தான். அவர் 1906-இல் பிறந்தது சென்னையில், வாழ்ந்தது பெரும்பாலும் மைசூரில். அவருடைய மால்குடி எந்த ஊர் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் ராசிபுரம் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ராசிபுரமும் இனிஷியலோடு திருப்தியாக இருக்கிறது. ஆனால் ஒரு தடயம் உண்டு. 1976-இல் வெளிவந்த 'தி பெயின்டர் ஆஃப் சைன்ஸ்' நாவலின் நாயகன் ராமன் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவன். அவன் வழக்கமாகப் போகும் ஓட்டலுக்குப் 'போர்டுலெஸ்' என்று பெயர். பலகை எழுதுகிறவன் பலகையே இல்லாத ஓட்டலில் காபி குடிக்கிறான். இலக்கிய விமர்சகர்கள் இதை நாவலாசிரியரின் குறும்பு என்பார்கள். ராசிபுரத்துக்காரருக்கு இதில் சிரிக்க எதுவும் இருக்காது. நல்ல கடைக்கு எதற்குப் பலகை என்பார்.

பலகை இல்லையென்றால் வழி சொல்வது எப்படி? "சினிமாக் கொட்டாய்க்கு எதுத்தாப்ல" என்பார்கள். அந்தக் கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி, மண்டபத்துக்கும் வயதாகியிருக்கும். ஊர்க்காரர்கள் கண்ணுக்குக் கொட்டகை இன்னும் தெரிகிறது. வெளியூர்க்காரர்தான் இல்லாத கொட்டகைக்கு எதிரே இருக்கும் கடையைத் தேடித் தெருவை அளப்பார்.

இதை எழுதுபவருக்கு ஒரு நண்பர் உண்டு. சென்னைக்காரர், மென்பொருள் துறை, நட்சத்திரம் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஜோசிய நட்சத்திரத்தைச் சொல்லவில்லை. கைபேசியில் கடைகளுக்குப் போடுகிறார்களே, அந்த நட்சத்திரம். முகூர்த்தம் ஒன்றுக்காக ராசிபுரம் வந்தவர் முதல் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பசியோடு இறங்கினார். கைபேசி காட்டிய நான்கரை நட்சத்திரக் கடையின் வாசலில் பெஞ்சைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏந்தம்பி, மூன்ற மணிக்கு யாராச்சும் சோறு தேடுவாங்களா?"

சரி, எத்தனை மணிக்குத்தான் தேடுவது? விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்நேரத்துக்கு டீக்கடை பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். ராத்திரி ஷிப்ட் முடிந்த விசைத்தறிக்காரர், பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோகிறவர், பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர், லாரியை ஓரம் கட்டிய டிரைவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தச் சமவெளியின் தலைமாட்டிலேயே காபி விளைகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. மலைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், "அண்ணா, ஒரு டீ, சக்கர கம்மியா" என்கிறார். காக்பர்ன் பாவம்.

ஆறு மணிக்கு இட்லி. வீட்டுத் திண்ணைதான் கடை, வீட்டுக்கார அக்காதான் முதலாளி, சமையல், கல்லாப்பெட்டி எல்லாம். "இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?" என்று கேட்பதற்குள் வைத்துவிடுவார். எத்தனை இட்லி சாப்பிட்டோம் என்பதைச் சாப்பிட்டவரே சொல்ல வேண்டும். வாரநாளில் சட்னி, சாம்பார். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு. அன்றைக்கு ஏழு மணிக்கே தெருமுனைவரை பைக் நிற்கும். பலகை இல்லாத இந்தக் கடைகளிலும் அண்மைக்காலமாக ஒரு அட்டை தொங்குகிறது, கைபேசியில் பணம் அனுப்புகிற அட்டை. 'அக்கா கடை' என்று இருபது வருடமாகச் சாப்பிட்டு வந்தவர்கள் அக்காவின் பெயரை அதில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எட்டரை மணிக்கு மாவு தீரும், கடை முடியும். மறுபடியும் மாவு ஆட்டி வியாபாரத்தைப் பெருக்கலாமே என்று நண்பர் யோசனை சொன்னார். "எதுக்குங் தம்பி?" என்றார் அக்கா. நிர்வாகவியல் படித்த நண்பரிடம் அதற்கு விடை இல்லை.

மதியம் ஓட்டல்கள் எல்லா ஊரிலும் இருப்பது போலத்தான். சோறு, சாம்பார், ரசம், மோர். இந்தப் பக்கத்து வீடுகளில் செய்யும் அரிசியும் பருப்பும் சோறு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், சந்தகை இவற்றை ஓட்டலில் கேட்டால் சர்வர் விசித்திரமாகப் பார்ப்பார். வீட்டில் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது இங்கே வணிகக் கொள்கை. நல்ல விருந்து வேண்டுமென்றால் உறவு வைத்துக்கொள்ள வேண்டும். பெண் எடுப்பது இன்னும் நல்லது.

ஓட்டலுக்கு வந்து ஊர் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன பண்டமும் ஒன்று உண்டு. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிப் பாலம் தாண்டியதும் வரும் விசைத்தறி ஊர் பள்ளிபாளையம். காகித ஆலையும் தறிச் சத்தமும்தான் ஊரின் அடையாளமாக இருந்திருக்க வேண்டியவை. ஆனால் துபாய் மெனு அட்டையில்கூட ஏறி உட்கார்ந்திருப்பது பள்ளிபாளையம் சிக்கன். பண்டம் எளிமையானது. சின்னதாக வெட்டிய கோழி, விதை நீக்கிக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு. மசாலாத் தூள் எதுவும் போடுவதில்லை. தட்டில் வரும்போது மிளகாய் மட்டுமே தெரியும். கோழியை உள்ளே தேட வேண்டும். சென்னையில் இதே பெயரில் கறிமசாலாவும் தக்காளியும் சேர்த்துக் குழம்பாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெயர் உரிமைச் சட்டம் தெரிந்த வக்கீல்கள் யாராவது பள்ளிபாளையத்தில் இருந்தால் நல்ல வழக்கு.

இப்போது அந்த மூன்றரை மணிக்கு வருவோம். ஊருக்குள் அடுப்பு அணைந்திருக்கும் இந்த நேரத்தில் பசித்தவருக்கு வழி, தேசிய நெடுஞ்சாலை 44. பழைய பெயர் என்.எச். 7. பஸ்கள் ராசிபுரத்துக்குள் நுழையச் சோம்பல்பட்டு ஆண்டகளூர் கேட்டோடு போய்விடுவது உண்டு. அப்படிப் போகிறவை ஏதாவதொரு சாலையோர மோட்டலில் மட்டும் தவறாமல் நிற்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறை, தனிக் கவனிப்பு. பயணிகளுக்குத் தனி விலை. அங்கே தோசை சாப்பிட்ட நண்பர் அதைப்பற்றிப் பேச மறுக்கிறார்.

'லாரி நிற்கும் கடையில் சாப்பிடு' என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. டிரைவர்களுக்கு நாக்கு நீளம், மோசமான கடையில் நிற்க மாட்டார்கள் என்பது கணக்கு. இந்தியா முழுக்கப் பலிக்கும் இந்த விதி நாமக்கல்லில் பலிக்காது. இங்கே வரிசையாக லாரி நின்றால் அது பெரும்பாலும் பாடி கட்டும் பட்டறை. நண்பர் பத்து லாரியைப் பார்த்து ஆசையோடு காரை நிறுத்தினார். உள்ளே வெல்டிங் நடந்துகொண்டிருந்தது.

ஐந்து மணி அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். தட்டுவடை செட் வண்டிகள் வரும். சேலத்தின் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைத் தெருக்களில் தொடங்கி இந்த வண்டி சுற்றுவட்டாரம் முழுக்க உருள்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, மொறுமொறுப்பான தட்டுவடை. அதன்மேல் சிவப்புச் சட்னி ஒரு தீற்று, பச்சைச் சட்னி ஒரு தீற்று. நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடினால் செட். இதைச் செய்கிறவரின் கைவேகத்தைப் பார்க்கவே ஐந்து ரூபாய் தனியாகக் கொடுக்கலாம். பத்துத் தட்டுவடையை வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் நிற்பவரோடு தேர்தல் பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் காய் வைப்பார்.

செட்டைக் கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும். கடித்தால் பாதி வாய்க்குள்ளும் பீட்ரூட் சட்டையிலும் போகும். முகூர்த்தத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டையில் நண்பர் வந்து நின்றது வண்டிக்காரர் குற்றமில்லை. அவர் முன்கூட்டியே, "அண்ணா, ஒரே வாயி" என்று எச்சரித்துதான் கொடுத்தார்.

நேரக் கணக்கு இதிலும் உண்டு. சட்னி பட்ட தட்டுவடைக்கு ஆயுள் மூன்று நிமிடம். அதற்கு மேல் ஊறிப்போகும். பார்சல் கேட்டால் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனியாகக் கட்டிக் கொடுத்து, மிச்ச வேலையை வீட்டில் செய்துகொள்ளச் சொல்வார்கள். வீட்டில் செய்தால் அந்த ருசி வராது. வண்டியின் மஞ்சள் பல்பும் தெருப்புழுதியும் சேர்மானத்தில் இருக்கின்றன போலிருக்கிறது. உடைந்த தட்டுவடைக்கும் இங்கே மறுவாழ்வு உண்டு. காயும் சட்னியும் போட்டுப் பிசைந்தால் நொறுக்கல். அவித்த முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல்.

முட்டை என்றதும் நாமக்கல். பண்ணைக் கொள்முதல் விலையை இங்கே தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. 'முட்டை விலை 5 காசு உயர்வு' என்று நாளிதழில் தனிச் செய்தியே வரும். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டன. பிச்சைக்காரர்கூட வாங்காத காசுக்கு இன்றும் மரியாதை கொடுக்கும் ஊர் நாமக்கல் ஒன்றுதான். ஆனால் அந்த மரியாதை பண்ணையோடு நின்றுவிடுகிறது. முட்டை 10 காசு ஏறினால் ஆம்லெட் 5 ரூபாய் ஏறும். முட்டை 50 காசு இறங்கினால் ஆம்லெட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது.

இரவு எட்டு மணிக்கு மேல் பரோட்டாக் கல்லில் நடப்பது வேறு உலகம். ஆஃப்பாயில், கரண்டி ஆம்லெட், முட்டை தோசை எல்லாம் உண்டு என்றாலும் கொங்குச் சீமையின் சொந்தச் சரக்கு கலக்கி. முட்டையை உடைத்து ஊற்றி, உப்பு, மிளகு, சில கடைகளில் ஒரு கரண்டி சால்னாவும் விட்டு அடித்து, கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாததுமாக இருக்கும்போதே நான்கு பக்கமும் மடித்துத் தட்டில் தள்ளுவார்கள். பத்து விநாடி தாமதித்தால் அது ஆம்லெட். பத்து விநாடி முந்தினால் பச்சை முட்டை. அந்த இடைவெளியைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்த மாஸ்டரை ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர் லீவு போட்ட நாளில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். நண்பர் இதற்கு மனதுக்குள் ஐந்து நட்சத்திரம் போட்டார். கைபேசியில் போட முடியவில்லை, கடைக்குப் பெயர் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு குடி. இங்கேதான் இந்த மண்ணுக்கு ஒரு சரித்திரப் பெருமை உண்டு. ராஜாஜி 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில்தான் முதலில் கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம் ஜில்லாதான். கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. கள் குடித்தவர்கள் கட்டிவந்ததைக் கடையில் சாமான் வாங்கியவர்கள் கட்ட ஆரம்பித்தார்கள். குடிக்காதவன் தலையில் குடிகாரன் பாரம் ஏறியது என்று சொல்லலாம், ராஜாஜி கோபித்துக்கொள்வார்.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. அழகு என்னவென்றால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான், 'மதுவிலக்கு' என்று பெயரிலேயே வைத்திருக்கும் துறை மது விற்கிறது. இந்த நகைச்சுவைக்கு முன்னால் கட்டுரையாளர்கள் பேனாவை மூடி வைத்துவிடலாம். இந்த வட்டாரத்தில் பலகையும் நேரமும் இரண்டுமே ஒழுங்காக உள்ள ஒரே கடையும் இதுதான். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை.

நல்ல பானம் வேண்டுகிறவர் சூரியனுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். பனங்காலத்தில் விடியற்காலையில் தெளுவு கிடைக்கும். மற்ற ஜில்லாக்காரர்கள் பதநீர் என்பார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கினால் அது தெளுவு, ஆரோக்கியம். சுண்ணாம்பு தடவ மறந்தால் அது கள். 1987-இலிருந்து தடை, வழக்கு. ஒரு விரல் சுண்ணாம்பில் மரமேறியின் தலையெழுத்து நிற்கிறது. வெயில் ஏறிய பிறகு இளநீர், மோர்மிளகாயோடு கம்மங்கூழ், இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த கரும்புச்சாறு. மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் இருப்பதால் கரும்புக்குப் பஞ்சமில்லை.

கடிகாரம் மட்டும் போதாது, காலண்டரும் வேண்டும். புதன்சந்தையில் மாட்டுச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. பெயரை நம்பிப் புதன்கிழமை போகிறவருக்கு மாடும் கிடையாது, சந்தைக்கடைச் சாப்பாடும் கிடையாது. சேலத்து மல்கோவாவும் இமாம்பசந்தும் வேண்டுமென்றால் மே, ஜூன். ஜேடர்பாளையம் அணைக்கட்டில் வறுத்த மீன் வேண்டுமென்றால் காவிரியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவருக்கு மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் காத்திருக்கிறது. மூட்டுவலிக்கு நல்லது என்று நம்பிக்கை, ஏறிய பிறகு அது தேவையும்படும். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மார்கழியில் ஜயந்தி அன்று 1,00,008 வடைகளால் மாலை சாத்துகிறார்கள். கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் அந்த 18 அடி அனுமார்தான் ஜில்லாவிலேயே பெரிய வடை வாடிக்கையாளர். ஒரு லட்சத்துக்கு மேல் அந்த எட்டு வடையையும் யார் எண்ணிச் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் பக்தர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

ஜவ்வரிசி கதை இன்னும் விசேஷம். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்துவிட்டது. மூட்டைகள் மகாராஷ்டிரத்துக்கு விரதக் கிச்சடியாகப் போகின்றன. ஆத்தூர், ராசிபுரம் வழியாகப் போனால் ஆலைகளின் புளித்த வாடை காரின் கண்ணாடியைத் தாண்டி வரும். ஓட்டலில் கேட்டால் மட்டும் கிடைக்காது. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நண்பர் பொறுத்திருந்தார், இரண்டு டம்ளர் குடித்தார்.

கடைசியாக, கைபேசியில் நட்சத்திரம் போடும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலை ஒன்பதரை மணிக்கு அக்கா கடைக்குப் போய், பூட்டிக் கிடந்தது என்று கோபித்து ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடாதீர்கள். மாவு தீர்ந்ததால் பூட்டினார். மறுநாள் ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள்.